மங்கையின் மாத்துச் சம்பந்தம்

மங்கையைத் திட்டம் போட்டு நாங்கள்தான் தங்கள் அணிக்குக் கொடுத்துவிட்டோம் என்று ஹவுன்ஸ்லோக்காரர் சிலர் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்கள். பச்சைப் பொய். எங்களுக்கு வேறு எத்தனை குறை இருந்தாலும் அந்தளவு மூளைக் கோளாறு கிடையாது. மங்கை தன்னைத் தானே தூக்கிக் கொடுத்தாள். அதைத் தடுக்க நான் காரைக்கூட நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்தேன், பலிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல ஓர் ஆள் வேண்டுமென்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் தவமலர். கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் கார் ஓட்டப் பழக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ‘பிளேஸ்டோ பருந்துகள்’ அணிக்காக சாஃப்ட்பால் விளையாடுகிறேன். ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பவர்கள் என் அடுத்த பத்தியைப் படிக்காமல் போய்விடலாம்.

சாஃப்ட்பால் அமெரிக்கர்களின் பேஸ்பாலுக்குத் தங்கச்சி. பந்து கொஞ்சம் பெரியது, மைதானம் கொஞ்சம் சிறியது, எங்கள் லீக்கில் ஆணும் பெண்ணும் கலந்து ஆடலாம். பந்தை அடித்துவிட்டு, மூலைகளில் தரையில் பதித்திருக்கும் மூன்று ‘பேஸ்’ தட்டுகளையும் தொட்டுச் சுற்றி, கடைசியில் அடித்த இடமான ஹோம் பேஸுக்கு ஓடி வந்தால் ஓர் ஓட்டம். நான் ஹோம் பேஸில், அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவள். கார் பழக்கும்போது கத்துகிற வாய்க்கு அந்த இடம் மிகவும் பொருத்தம் என்று அங்கே என்னை இருத்தியவள் மங்கை.

மங்கை மலேசியாக்காரி. சுங்கை சிப்புட்டில் பிறந்து, பள்ளிக்கூடத்திலேயே சாஃப்ட்பால் ஆடி வளர்ந்தவள். கணக்கியல் படிக்க லண்டன் வந்து பிளேஸ்டோவில் ஓர் அறையில் இருந்த காலத்தில், பார்க்கில் எங்கள் ஆட்கள் எல்லே விளையாடுவதைப் பார்த்திருக்கிறாள். எல்லே எங்கள் இலங்கை விளையாட்டு. கம்பால் பந்தை அடித்துவிட்டு ஓடவேண்டும், மற்றவர்கள் பந்தை எடுத்து ஓடுபவர் மேல் எறிவார்கள், பட்டால் அவுட். “இது எங்க சாஃப்ட்பால் மாதிரியே இருக்கே” என்று வேலியோரம் நின்று சொன்னவள், அடுத்த ஞாயிறு ஒரு பை நிறையக் கையுறைகளோடு வந்து நின்றாள். அணி அப்படித்தான் தொடங்கியது. படிப்பு முடிந்து ஹவுன்ஸ்லோவில், விமான நிலையத்தில் வேலை கிடைத்து அங்கேயே குடிபோன பிறகும், ஞாயிறு தவறாமல் ரயில் மாறி லண்டனைக் குறுக்கே கடந்து எங்களிடம் வந்தாள்.

என் பேச்சு அவளுக்குப் பழகக் கொஞ்சக் காலம் எடுத்தது. முதல் நாள், இங்கே வா என்பதை நான் “நீர் இஞ்சாலை வாரும்” என்றேன். தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்து போத்தலை நீட்டினாள்.

எல்லேக்காரர்களை வைத்து சாஃப்ட்பால் அணி அமைத்தால் ஒரு வில்லங்கம் உண்டு. சாஃப்ட்பாலில் ஓடுபவர் மேல் பந்தை எறிந்தால் அவர் அவுட் இல்லை. அவர் போய்ச் சேரவிருக்கும் பேஸில் நிற்கிற நம் ஆளுக்குப் பந்தைக் கொடுக்கவேண்டும், அவர் அந்தப் பந்தால் ஓடுபவரைத் தொட்டால்தான் அவுட். மற்றவர்கள் மெல்ல மெல்லப் பழகிவிட்டார்கள். லதீசன் பழகவில்லை. எங்கள் அணியில் அவனளவு தூரம் அடிக்க ஆள் கிடையாது, பந்தை எடுத்து எறிகிற வேகமும் அப்படி. ஆனால் யாராவது முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினால் அவன் கை அவன் சொல் கேளாது. ஒருமுறை வாட்டசாட்டமான ஒரு வெள்ளைக்காரரின் பிட்டத்தில் பளாரென்று போட்டுவிட்டு, “அவுட்!” என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளினான். அந்த மனிதர் ஒரு கையால் தடவிக்கொண்டே ஓடி ஓட்டம் எடுத்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

அன்றிலிருந்து லதீசன் பந்தைக் குனிந்து எடுக்கும்போதெல்லாம் மங்கை தொண்டை கிழியக் கத்துவாள்: “எறியாதே, குடு!” போகப்போக அது வெறும் “குடு!” ஆகிவிட்டது. அந்தக் குரல் கேட்டால் அவன் கை தானாகத் திரும்பும்.

இனி மங்கையின் மூளையைப் பற்றிச் சொல்லவேண்டும். விமான நிலையத்தில் அவளுக்கு ஷிப்ட் போடுகிற வேலை. “உன் சனிக்கிழமை எனக்கு, என் செவ்வாய்க்கிழமை உனக்கு” என்று வருகிற மாற்றங்களையெல்லாம் சரி, சரியில்லை என்று தீர்ப்பவள். அதனாலோ என்னவோ, ஜூலை வந்தால் அவளுக்கு ஒரு காய்ச்சல் பிடிக்கும். அமெரிக்க பேஸ்பால் அணிகள் பருவத்தின் நடுவில் ஆட்களை மாற்றிக்கொள்கிற காலம் அது. ஒரு நாள் குறித்திருப்பார்கள், அந்த நாள் தாண்டினால் மாற்ற முடியாது. அந்தச் செய்திகளை விடாமல் படித்து, எந்த அணி ஏமாந்தது, எந்த அணி பிழைத்தது என்று எங்களுக்கு விளக்குவாள். ஒருமுறை பெயர் பெற்ற ஒரு பந்தடிப்பவனை ஓர் அணி வாங்கியதை ஊரே மெச்சியது. மங்கை உதட்டைப் பிதுக்கினாள்.

“அந்த டீம்ல அடிக்கிறவங்க ஏற்கெனவே அஞ்சு பேரு இருக்காங்கக்கா. தட்டு நிறைய சோறு இருக்கு, இன்னும் சோறு வாங்குறாங்க. குழம்பு எங்கே?”

ஆள் எவ்வளவு பெரிய ஆள் என்று பார்க்காதே, உன்னிடம் எங்கே ஓட்டை என்று பார். அவளுடைய சாத்திரம் அவ்வளவுதான்.

போன வருடம் எங்களிடம் ஓட்டை மட்டும்தான் இருந்தது. தோல்விமேல் தோல்வி. நாங்களும் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றது போல நடுவரைத் திட்டினோம், மழையைத் திட்டினோம். அந்த நேரம் பார்த்து லீக்காரர் ஓர் அறிவிப்பு விட்டார்கள். மைதானம் போதாதாம், வருகிற வருடம் ஓர் அணியைக் குறைக்கப் போகிறார்களாம். கடைசியில் நிற்கிற அணி வெளியே. கடைசியில் நின்றது நாங்கள்.

எங்கள் லீக்கிலும் ஆள் மாற்றுகிற நாள் ஒன்று உண்டு, ஜூலையின் கடைசி ஞாயிறு. அன்று மாலைக்குள் இரண்டு அணித் தலைவர்களும் செய்தி அனுப்பினால் ஓர் ஆளுக்கு ஓர் ஆள் மாற்றலாம். அந்த ஞாயிறு மத்தியானமும் வழக்கம்போலத் தோற்றுவிட்டுப் புல்லில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். மங்கை எங்கள் தலைவி. ‘ஹவுன்ஸ்லோ வேங்கைகள்’ அணியின் தலைவர் முனியாண்டி, அவளைப் போலவே மலேசியாக்காரர், காலையில் பேசியதாகச் சொன்னாள்.

“கம்சிகாவைத் தர்றாராம். பந்து போடுற பொண்ணு. அவங்ககிட்ட அதுக்கு இன்னொரு ஆள் இருக்கு, இது சும்மா பெஞ்சில உட்கார்ந்திருக்கு. பதிலுக்கு லதீசனைக் கேட்டாரு.”

லதீசன் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கணேசலிங்கம் அண்ணை தொண்டையைச் செருமினார். அணிக்கு மூத்தவர், முதல் பேஸில் நிற்பவர், தண்ணீர்ப் போத்தலிலிருந்து சமாதானம் வரைக்கும் எல்லாம் சுமப்பவர்.

“குடுத்து விடுவமே? எறிஞ்செறிஞ்சு அங்கையும் நாலு பேரைக் காயப்படுத்தட்டும்.”

“முடியாது” என்றாள் மங்கை. “லதீசனைக் குடுத்தா யாரு அடிக்கிறது? அண்ணே, இந்த வருஷம் நாம தோத்ததையெல்லாம் யோசிச்சுப் பாருங்க. அடிக்காம தோத்தோமா? இல்ல. பந்து போடத் தெரியாம, எதிர் டீம்காரங்களை ஓசியில நடக்க விட்டுத் தோத்தோம்.”

எங்கள் அணிக்கு அதுவரை பந்து போட்டுவந்த ரமா முகத்தைத் திருப்பினாள். கெட்ட பந்தாக நாலு போட்டால் அடிப்பவர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். ரமா புண்ணியத்தில் கிழக்கு லண்டன் முழுக்க நடந்திருந்தது.

“ரமா, கோவிச்சுக்காதே. போடுறதைவிடப் பிடிக்கிறதுல நீ கெட்டி. ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல உன்னை நிப்பாட்டினா ஒண்ணும் தப்பிப் போகாது. ஹவுன்ஸ்லோவுக்கு ஓட்டை எங்கே தெரியுமா? அதே நடு இடத்துலதான். அதனால மாத்தணும்னா அந்த இடத்து ஆளைத்தான் மாத்தணும்.”

அந்த இடத்தில் நிற்பவள் மங்கை. சொல்லிவிட்டு அவள் எங்களைப் பார்த்தாள். எங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

“உமக்கென்ன விசரோ? கண்ணை வித்துச் சித்திரம் வாங்குவினமோ ஆரும்?”

“கண்ணு ரமாகிட்ட இருக்குக்கா. முனியாண்டி அண்ணன்கிட்ட நானே கேட்டுட்டேன், சந்தோஷமா ஒத்துக்கிட்டாரு. ஒண்ணே ஒண்ணு. லீக் ரூல்படி, பின்னால நான் திரும்பி வரணும்னா கம்சிகாவும் திரும்பிப் போகணும். ஒருத்தர் மட்டும் திரும்ப முடியாது.”

கணேசலிங்கம் அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உது எங்கட மாத்துச் சம்பந்தமெல்லோ!”

“அது என்னாதுண்ணே?”

“எங்கட பக்கத்துக் கலியாண முறை பிள்ளை. என்ர தங்கச்சியை உங்கட வீட்டுக்குக் குடுப்பன், உங்கட தங்கச்சியை எங்கட வீட்டுக்கு எடுப்பன். ஒருத்தி கோவிச்சுக்கொண்டு தாய் வீட்டை வந்தாளெண்டால், மற்றவளும் பெட்டியைக் கட்டவேணும். ரெண்டு வீடும் நாசம்.”

மங்கை ரசித்துச் சிரித்தாள். அந்தச் சொல்லை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டாள். மற்ற ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மாலை மங்கையை அப்டன் பார்க் ரயில் நிலையத்தில் இறக்கிவிடுவது வழக்கமாக நான்தான். அன்றும் ஏறினாள். இன்னும் அவள் லீக்குக்குச் செய்தி அனுப்பியிருக்கவில்லை. பேசிக்கொண்டே போனால் நேரம் போய்விடும், நேரம் போனால் கதவு மூடிவிடும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. கிரீன் ஸ்ட்ரீட்டில் நிலையம் வந்தது. நான் நிறுத்தவில்லை.

“அக்கா, ஸ்டேஷன்.”

“தெரியும். முன்னுக்கு நிப்பாட்ட இடமில்லை.”

“இடம் இருந்துச்சு.”

“ஒரு ரீ குடிச்சிட்டுப் போவம்.”

என் கார் பழக்குகிற கார். பழகுபவர் தவறு விட்டால் நிறுத்துவதற்காக இடது பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நானே ஓட்டும்போது அந்தப் பக்கத்தில் இருப்பவர் அதைத் தொடமாட்டார். மங்கை காலைத் தூக்கி ஒரே மிதியாக மிதித்தாள். கார் ஒரு சேலைக் கடை வாசலில் குலுங்கி நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் எனக்குத் தெரியாத சொற்களையெல்லாம் ஹோர்னிலேயே அடித்துக் காட்டினான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எட்டு வருடமாக லைசென்ஸுக்குத் தவம் கிடக்கிறவர்கள்கூட என் காரில் இப்படி நடந்ததில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தபோது அவள் கண்கள் நிறைந்திருந்தன.

“அக்கா, நான் வாரம் முழுக்க அடுத்தவங்க லீவுக்கு ஷிப்ட் மாத்திக் குடுக்கிறேன். வீட்டுக்குப் போனா பேச ஆள் இல்ல. ஞாயிறு ஒண்ணுதான். இந்த டீம் இல்லாம போச்சுன்னா நான் எந்த ஸ்டேஷன்ல இறங்குறது?”

“இப்ப மட்டும் எங்கை இறங்கப் போறீர்? ஹவுன்ஸ்லோவிலதானே?”

“ஆமா. ஆனா டீம் இருக்கும்ல. நான் இல்லாட்டியும் அது இருக்கணும்க்கா.”

சொல்லிக்கொண்டே செய்தியை அனுப்பிவிட்டாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, நிலையத்தை நோக்கி விறுவிறென்று நடந்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பஸ்காரன் பாவம், சுற்றிக்கொண்டு போனான்.

அடுத்த ஞாயிறு கம்சிகா வந்தாள். லண்டனில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. “ஹாய் அன்ரி” என்று கையை நீட்டியது. இந்தப் பிள்ளையை விரும்புவதில்லை என்று நான் வீட்டிலிருந்தே முடிவெடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் போட்ட முதல் பந்து நான் கை வைத்திருந்த இடத்துக்கே வந்து விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. என் முடிவு அந்தப் பொழுது சாயும் வரைக்கும்கூட நிலைக்கவில்லை.

ரமா நடுவில் நின்று வருவதையெல்லாம் அள்ளினாள். ஓசி நடை நின்றுபோனது. நாங்கள் வெல்லத் தொடங்கினோம். மங்கையின் கணக்கு அச்சொட்டாக இருந்தது. ஒன்றைத்தான் அவள் கணக்கில் எடுக்கவில்லை. லதீசனுக்கு “குடு!” என்று கத்த ஆள் இல்லை. நாங்கள் எல்லாரும் முறை வைத்துக் கத்திப் பார்த்தோம். அவன் காதுக்கு அது ஏறவில்லை. இன்னும் இரண்டு முதுகுகள் பழுத்தன.

கடைசி ஆட்டம் ஹவுன்ஸ்லோவுடன் வந்து வாய்த்தது. நாங்கள் வென்றால் லீக்கில் இருப்போம். சமநிலையில் முடிந்தாலே அவர்களுக்குக் கேடயம், எங்களுக்குக் கதவடைப்பு. மங்கை ஹவுன்ஸ்லோவின் மஞ்சள் சட்டையில் வந்தாள். எங்களைக் கட்டிப்பிடித்தாள். பிறகு, “அக்கா, விட்டுக் குடுப்பேன்னு நினைக்காதீங்க” என்றாள். நினைக்கவில்லை. அவளை எனக்குத் தெரியும். அன்று அவள் நின்ற இடத்தைத் தாண்டி ஒரு பந்துகூடப் போகவில்லை, லதீசன் அடித்ததைக்கூட மண்ணில் விழுந்து பிடித்தாள். வயிறெரிந்தது, பெருமையாகவும் இருந்தது.

முடிவுக்கு வந்தபோது நாங்கள் ஓர் ஓட்டம் முன்னால் இருந்தோம். அவர்களில் இன்னும் ஒருவர் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. இரண்டாம் பேஸில் மங்கை நின்றாள். அவள் ஹோம் பேஸுக்கு வந்தால் சமன். கம்சிகா பந்து போட, அடித்தவர் அதை இடது பக்கம் ஓங்கி அடித்தார். பந்து உருண்டு லதீசனிடம் போனது.

மங்கை ஓடினாள். மூன்றாம் பேஸைத் தொட்டுத் திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு என்னை நோக்கி நேரே வந்தாள். அவளுக்குப் பின்னால், தூரத்தில் லதீசன் பந்தைக் குனிந்து எடுப்பது எனக்குத் தெரிந்தது. அவன் கண் போன இடமும் தெரிந்தது. எதிரே விரிந்த மஞ்சள் முதுகு. அவன் கை பழைய எல்லேக்காரனின் கையாக வளைந்தது. நான் கத்த வாயைத் திறந்தேன்.

“குடு!”

மைதானம் முழுக்கக் கேட்டது. கத்தியது நானில்லை. ஓடி வந்துகொண்டிருந்த மங்கை.

லதீசனின் கை திரும்பியது. பந்து அவள் தோளைத் தாண்டிப் பறந்து வந்து என் கையுறைக்குள் விழுந்தது. அவள் மண்ணைக் கிழித்துக்கொண்டு சறுக்கி வந்தாள். நான் குனிந்து அவள் முழங்காலில் பந்தை வைத்தேன்.

“அவுட்!” என்றார் நடுவர்.

“சேஃப்!” என்று துள்ளி எழும்பினாள் மங்கை. “நான் சேஃப்! கால் முன்னாடியே பட்டுருச்சு!” நடுவரோடு மூச்சுமுட்டச் சண்டை பிடித்தாள். எங்கள் ஆட்கள் கட்டிப்புரண்டு குதித்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி அந்த மனிதரை விடவில்லை. தான் என்ன கத்தினோம் என்பதே அவளுக்கு அப்போதுதான் மெல்ல உறைத்தது போலும். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

முனியாண்டி வந்தார். விமான நிலையத்தில் பெட்டிகள் தூக்கி உரமேறிய பெரிய உடம்பு. அவர் முகம் இறுகியிருந்தது.

“யாருக்கும்மா கத்தின?”

“தெரியலண்ணே. வாயில வந்துருச்சு. இத்தனை வருஷம் கத்தின வாய்.” மஞ்சள் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தாள். “நான் ஓடினதைப் பார்த்தீங்கல்ல? அதைப் பாருங்கண்ணே. நான் ஜெயிக்கத்தான் ஓடினேன்.”

அவர் அவள் முழங்காலைப் பார்த்தார். தோல் கிழிந்து இரத்தமும் மண்ணுமாக இருந்தது. அங்கேயே அவளுக்கு முன்னால் குந்தி, தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அந்தக் காயத்தைக் கழுவிவிட்டார்.

“பார்த்தேன். இப்படி ஓடினவளைச் சந்தேகப்பட்டா என் வாய் அழுகிப் போகும். எழுந்திரு.”

அவர் அணியில் சிலர் அப்போதே முணுமுணுத்தார்கள். கொடுத்தனுப்பிய ஆள், உளவு ஆள் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் அவர்கள்தான்.

எல்லாரும் கொஞ்சம் ஆறிய பிறகு கணேசலிங்கம் அண்ணை மங்கையிடம் வந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. பக்கத்தில் கம்சிகா கையுறையைக் கழற்றியபடி நின்றாள்.

“பிள்ளை, இனி பயமில்லை, லீக்கில இருக்கிறம். நீர் எங்களுக்காகச் செய்தது காணும். வாற வருஷம் எங்கட வீட்டை திரும்பி வாரும்.”

கம்சிகா கழற்றிய கையுறையை மறுபடி போட்டுக்கொண்டாள். ஹவுன்ஸ்லோவின் பெஞ்சு அவளுக்கு நினைவுக்கு வந்திருக்கும். மங்கை அவளைப் பார்த்தாள். பிறகு அண்ணையைப் பார்த்தாள்.

“மாத்துச் சம்பந்தம்னு நீங்கதானே சொன்னீங்க? நான் தாய் வீட்டுக்கு வந்தா இவ பெட்டி கட்டணும்ல. வரமாட்டேன்ணே.”

அண்ணை சொன்ன பகிடியே அவரை மறித்துக்கொண்டு நின்றது.

“அப்ப நீர் எங்களுக்கு ஆர்?” என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்க நினைத்தேன்.

“சம்பந்திக்கா” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மங்கை. “அடுத்த வருஷம் உங்களைத் தோற்கடிக்கிறேன் பாருங்க. இந்த வாயை மூடிக்கிட்டு ஓடுவேன்.”

ஹவுன்ஸ்லோக்காரரின் வான் வண்டியில் ஏறாமல், அன்று அவள் என் காரில்தான் ஏறினாள். அப்டன் பார்க் நிலையம் தெரிந்ததும் நான் ஓரக்கண்ணால் இடது பக்கம் பார்த்தேன். காயம்பட்ட காலை நீட்டி வைத்திருந்தாள். நல்ல காலை பிரேக்கின் மேல் வைத்திருந்தாள்.

“தேவையில்லை, நிப்பாட்டுறன்” என்றேன்.

நிறுத்தினேன்.